கணக்கெடுப்பு, மூன்றாம் நாள்

அமிர்திக்கு மேலே, நாகநதி
ஒரு துண்டின் அகலத்துக்கு
இளைத்துப்போகும் இடத்தில் தொடங்கி
இரண்டு கிலோமீட்டர் நேர்கோடு.
நேர்கோடு என்பது காகிதத்தில்.
காலுக்கு அது ஏற்றம், சூரைமுள்,
இடுப்புயரப் புல், மறுபடியும் ஏற்றம்.

வேலூரிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்.
ஃபர்ஹீன் கையில் படிவம்.
ஜீவரத்தினம் கையில் திசைகாட்டி.
மூன்றாவது பையனுக்குப் புது ஷூ கடித்துவிட்டது,
கூடாரத்தில் படுத்தபடி
சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறான்.
நான் வேட்டைத் தடுப்புக் காவலர்.
சட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
சட்டைக்குள் யார் என்று
ரேஞ்சர் கேட்டதில்லை.

புழுக்கையைக் கண்டால் குந்திவிடுகிறாள்.
"புள்ளிமானா அண்ணா, கடமானா?"
நின்ற இடத்திலிருந்தே சொல்கிறேன்.
"எப்படித் தெரியும்?"
"பழக்கம்."
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
எச்சம், குளம்படி, உரசிய மரம்,
நேரில் கண்டது, ஆண், பெண், குட்டி.
அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

நேற்று ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்தோம்.
தை மாதக் குளிர், முதுகில் பனி, முகத்தில் சூடு.
ஆம்பூரிலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பிய பிரியாணி
மூன்றாவது முறையாகச் சூடாகி
அடிபிடித்திருந்தது. தின்றோம்.
"இங்கே வேட்டையெல்லாம் நடந்திருக்கா?"
ஜீவரத்தினம்தான் கேட்டான்.
"நடந்திருக்கும்" என்றேன்.

நடந்தது. நெற்றியில் பேட்டரி லைட்,
கரிமருந்து, சைக்கிள் பால்ரஸ், கிழிந்த துணி.
கறி விடிவதற்குள்
பால் கேனில் ஏறி ஒடுகத்தூர் போய்விடும்.
எத்தனை என்று எண்ணியதில்லை, ஒன்றைத் தவிர.
உப்புப் பள்ளத்தில் இரண்டு கண்கள்,
தணிந்து எரியும் இரண்டு பீடி நுனிபோல.
சுட்டேன். பட்டது. விழவில்லை.
விடியும்வரை ரத்தத்தின் பின்னால் போனேன்.
சொட்டு பெரிதானது, பிறகு சிறிதானது,
பிறகு புல்,
பிறகும் புல்.

இன்று ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டி
அந்தப் புல்மேட்டுக்கே கொண்டுவந்துவிட்டது நேர்கோடு.
காற்று எதிரில் வீசுகிறது. நல்ல காற்று.
அதைத்தான் முதலில் நினைத்தேன்,
நல்ல காற்று என்று.

அறுபது அடியில், நிழலோடு நிழலாக,
பெட்டைக் கடமான்.
ஒரு காது மட்டும் திரும்புகிறது.
ஃபர்ஹீன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.
ஜீவரத்தினம் ஊசியைப் பார்க்கிறான்.
என் இடது கால் தானாக முன்னால் போயிற்று.
வலது தோள் தாழ்ந்தது.
மூச்சு பாதியில் நின்றது.
எட்டு வருடமாக அங்கே எதுவும் தொங்கவில்லை,
ஆனாலும் தோள்
மரக்கட்டையின் உதை வரும் என்று
இறுகிக் காத்திருந்தது.

சொல்லியிருக்கலாம். விரல் நீட்டினால் போதும்.
மூன்று நாள் நடந்து தேய்ந்த அந்தப் பெண்ணுக்கு
ஒரு கோடு கிடைத்திருக்கும்,
நேரில் கண்டது: ஒன்று.
ஆனால் விரல் நீட்டினால் கையைப் பார்ப்பாள்,
கையிலிருந்து முகத்துக்கு வருவாள்.
முகம் அப்போது எப்படி இருந்ததோ.

கடமான் போய்விட்டது.
புல் கொஞ்ச நேரம் அதன் அகலத்துக்குத் திறந்திருந்தது.

"இங்கே ஏதாவது?"
"ஒண்ணும் இல்லை."
பூஜ்யம் என்று எழுதினாள், அழுத்தி,
பேனா மை உறைந்திருந்ததால் இருமுறை.
கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினாள்.
போட்டேன்.

இறங்கும்போது அவளே முன்னால் போனாள்.
மழித்த பாதைபோலப் புல் சாய்ந்திருந்த இடத்தில் நின்று
"பன்றியா?" என்றாள்.
குனிந்து பார்ப்பதுபோல் குனிந்தேன்.
ஈர மண்ணில் குளம்படி, இன்னும்
ஓரம் உதிராமல் இருந்தது.
அதன்மேல் என் பூட்ஸை வைத்துக்கொண்டு
"இருக்கும்" என்றேன்.